கிணற்றுக்குக் கொடுத்த தாகம்

எங்கள் கல்லூரியில் தண்ணீரைச் சேமிக்கச் சொல்லி ஒரு ரங்கோலிப் போட்டி வைத்தார்கள். பூமித்தாய் கண்ணீர் விடுகிற கோலத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. மறுநாள் காலையில் பூமித்தாயையும் அவள் கண்ணீரையும் சேர்த்துப் பச்சைக் குழாயைப் போட்டுக் கழுவிவிட்டார்கள். நானும் காளீஸ்வரியும் விடுதி மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. படியிறங்கி ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

அவள் அப்படித்தான். எனக்கு வேடிக்கையாகத் தெரிவது அவளுக்கு வேதனையாகத் தெரியும். முதல் வருடத்திலிருந்து நாங்கள் ஒரே அறை. நான் நூர்நிஷா, கடற்கரை ஊர்க்காரி. அவள் ஊர் கமுதிக்குத் தெற்கே, பேருந்து எட்டிப் பார்க்காத இடம். அங்கே குடிதண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அவள் அப்பா உடையப்பன் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர். அம்மா இல்லை. தன் மகனுக்குக் காளீஸ்வரியைக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அத்தை உண்டு. அத்தையின் நச்சரிப்புக்கு நடுவே அப்பா மகளுக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். விடுதி இருக்கிற வரைக்கும் படிக்கலாம்.

அந்த விடுதிக்குத்தான் ஆபத்து வந்தது. மழை எந்த மாதத்தில் வரும் என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வதை எல்லாரும் விட்டுவிட்டிருந்த காலம் அது. வளாகம் முழுமைக்கும் ஒரே ஒரு பெரிய கிணறு. போர் போட்ட இடத்திலெல்லாம் உப்புத்தான் வந்தது. கிணற்றின் அடிப் படிகள் வெளியே தெரிந்ததும் நிர்வாகம் எங்களைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டது. கோடை முடிவதற்குள் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்து கிணறு தேற வேண்டும். தேறாவிட்டால் அடுத்த ஆண்டு இரண்டு விடுதிகளையும் மூடிவிடுவார்கள்.

"பசங்க எங்கயாவது ரூம் எடுத்துத் தங்கிக்குவாங்க. பொண்ணுங்க நீங்க வீட்டுல இருந்து வந்து போங்கம்மா, அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு" என்று செயலாளர் ரொம்பக் கனிவாகச் சொன்னார்.

காளீஸ்வரியின் முகம் செத்துப்போயிற்று. வந்து போவதற்கு அவள் ஊருக்குச் சாலையே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வழக்கமானவை. பேரணி போனோம். நடுவெயிலில் உறுதிமொழி எடுத்தோம். ஆளுக்கொரு வேப்பங்கன்று நட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கன்றுக்கு அப்புறம் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்காதீர்கள். கிணறு இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

எஸ்தர் மிஸ் உள்ளே வந்தது அப்போதுதான். மருத்துவக் கருவிகள் துறையின் தலைவி. நெடுநெடுவென்று உயரம், குரல் மட்டும் கோவில் மணி மாதிரி. எங்கள் பசுமை வளாகக் குழுவின் கூட்டத்துக்கு வந்து முதல் கேள்வியாக, "உறுதிமொழி எடுத்தீங்களே, அதுல ஒரு வரி யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஞாபகம் இருக்காது. தப்பு உங்க மேல இல்ல. கிணறு காயுறது கிணத்துக்குத்தான் தெரியும். உங்களுக்குக் குழாயைத் திறந்தா வருது, அவ்வளவுதான். அதோட தாகம் உங்களுக்குத் தெரிஞ்சா?"

"கெணத்துக்கு ஏது மிஸ் தாகம்?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"கிணத்துக்கு இல்லம்மா, நமக்கு இருக்கு. தாகம் எங்க இருக்கு சொல்லு."

"தொண்டையில."

"இல்ல, மூளையில. ரத்தத்துல உப்பு கூடினதும் மூளைக்குள்ள ஒரு சின்ன இடம் மணி அடிக்கும். அதைத்தான் நாம தாகம்ங்கறோம். காதுக்குப் பின்னாடி பொட்டு மாதிரி ஒண்ணை ஊசி குத்திப் பதிச்சா, அந்த மணியை வெளியில இருந்தே அடிக்கலாம். நான் முதியவங்களுக்காகச் செஞ்சது. வயசானா தாகம் மழுங்கிப்போகும், தண்ணி குடிக்காமலே கிடப்பாங்க. இப்ப அந்த மணிக் கயிறைக் கிணத்துக்கிட்ட குடுக்கப் போறோம். கிணறு இறங்கினா உங்களுக்குத் தாகம் கூடும், ஏறினா அடங்கும்."

முதலில் கை தூக்கியது காளீஸ்வரி.

முதல் சோதனை கேலிக்கூத்தாக முடிந்தது. பொட்டு வைத்தவர்களுக்குக் கிணற்றின் தாகமும் வந்தது, சொந்தத் தாகமும் இருந்தது. எது எதுவென்று பிரிக்கத் தெரியாமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துத் தள்ளினார்கள். அந்த வாரம் வளாகத்தின் தண்ணீர்ச் செலவு கூடிவிட்டது. "கிணத்தைக் காப்பாத்தச் சொன்னா குடிச்சே தீர்த்துருவீங்க போலயே" என்று நான் சொன்னதற்குக் காளீஸ்வரி என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மிஸ்ஸும் குழுவும் உட்கார்ந்து பேசி ஒரு மாற்றம் செய்தார்கள். பொட்டு இருக்கும் வரை உடம்பின் சொந்த மணி அமுங்கியிருக்கும், கிணற்றின் மணி மட்டும் கேட்கும். குடித்தால் அது அடங்காது. கிணறு ஏறினால்தான் அடங்கும். கல்லூரியின் ஒப்புதல் குழு இதைச் சும்மா விட்டுவிடவில்லை. வெளியிலிருந்து மருத்துவர்களை அழைத்துவந்து எஸ்தர் மிஸ்ஸைக் குடைந்தெடுத்தார்கள். தாகம் தாங்க முடியாமல் போனால்? ஒரு எல்லைக்கு மேல் பொட்டு தானாகவே நின்றுவிடும். தண்ணீர் குடித்தும் தாகம் தீராமல் பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்தால்? மனநல ஆலோசகர் கூடவே இருப்பார். உடம்புக்கு வேண்டிய தண்ணீரை எப்படிக் குடிப்பார்கள்? வளாகத்தில் மணி அடிக்கும், மணி அடித்தால் எல்லாரும் ஒரு சொம்பு குடிக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

விடுதிப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் பொட்டு வைத்துக்கொண்டார்கள், பையன்களிலும் பலர். நான் வைத்துக்கொள்ளவில்லை. ஊசி என்றால் எனக்குப் பயம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். காளீஸ்வரியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.

"என் தாகம் எனக்கும் என்னைப் படைச்ச ரப்புக்கும் உள்ள விஷயம்டி. அதைக் கொண்டுபோய் ஒரு கெணத்துக்கிட்ட குடுக்க மாட்டேன்."

"ஒரு மாசம் நோம்பு இருக்கேல்ல? அது மாதிரிதான்டி இதுவும்."

"நோம்புன்னா பொழுது சாஞ்சதும் மக்ரிபுக்கு முடிஞ்சிரும். ஒன் கெணத்துக்கு மக்ரிப் எப்ப?"

அவள் காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிக்கொண்டாள்.

அந்தக் கோடையை நான் மறக்க மாட்டேன். பொட்டு வைத்தவர்கள் எந்நேரமும் உதட்டை நக்கிக்கொண்டே திரிந்தார்கள். சொட்டுகிற குழாயைக் கண்டால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டதுபோல ஓடினார்கள். துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போயிற்று. மெஸ்ஸில் காய் கழுவிய தண்ணீர் வேப்பங்கன்றுகளுக்குப் போயிற்று. ஆமாம், அந்தப் படமெடுத்த கன்றுகளேதான். கட்டடவியல் படிக்கிற பையன்கள் எல்லாக் கூரைகளிலிருந்தும் கிணற்றுக்குக் கால்வாய் வெட்டினார்கள். மழையே இல்லாத வானத்துக்குக் கீழே கால்வாயா என்று நான் கேலி செய்தேன். அவர்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் ஒரு புல்வெளி உண்டு. அதற்குத் தண்ணீர் தெளிக்கிற கருவி காலையும் மாலையும் சுற்றும். ஒரு நாள் மாலையில் காளீஸ்வரி போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் பையன்கள். கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. பொட்டு வைத்த அத்தனை பேரும் அந்தப் புல்லைச் சுற்றி உட்கார்ந்து, சுற்றுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செயலாளர் ஜன்னல் வழியே பார்த்தார். அந்தக் கண்களை அவரால் அதிக நேரம் தாங்க முடியவில்லை. "மூடித் தொலைங்கப்பா" என்று அவர் சொன்னது வாசல் வரை கேட்டது. அன்று காளீஸ்வரி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பேரணியால் ஆகாததை வறண்ட தொண்டை செய்துவிட்டது. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தாகம் ஆட்களை நல்லவர்களாக்கியது. சில நாள் மிருகங்களாகவும் ஆக்கியது. முதலாண்டுப் பெண் தாரணி, பொட்டு வைக்காதவள், ஒரு காலை தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை. கதவை உடைக்கிற மாதிரி தட்டி, தலை முழுக்க நுரையோடு அவளை வெளியே இழுத்துப் போட்டார்கள். முதலில் தட்டியவள் காளீஸ்வரி. அந்தப் பிள்ளை வராந்தாவில் துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுபோய் அவள் தலையை நானே அலசிவிட்டேன். யாராவது தடுத்திருந்தால் அன்றைக்குக் கொலையே விழுந்திருக்கும்.

அறைக்கு வந்து காளீஸ்வரியைக் கிழித்தெடுத்தேன். "நீயெல்லாம் ஒரு பொம்பளைப் புள்ளையாடி? அவ என்ன, ஒன் கெணத்தையா குடிச்சிட்டா?"

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அவ மேல கோவம் இல்ல நூரு. அந்தச் சத்தம் கேட்டதும் தொண்டைய யாரோ நெரிச்ச மாதிரி ஆயிருச்சு. நான் போயி அவகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்." கேட்டாள். தன் துண்டை எடுத்துப்போய் அவள் தலையைத் துவட்டிவிட்டு, அவளோடு சேர்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

"மிஸ்கிட்டப் போயிக் கழட்டிருடி. ஒருத்தி கழட்டினா கெணறு வத்திராது" என்றேன்.

"நானே கழட்டினா மத்தவளுக எப்படி வச்சிருப்பாளுக? விடுதி போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு, சொல்லு. அத்தை மகன் இருக்கான். தொண்டை காயுறது எவ்வளவோ மேல்."



ஒரு வாரக் கடைசியில் அவள் ஊருக்குப் போய்விட்டு வந்து மிஸ்ஸிடம் முறையிட்டாள். "வீட்டுக்குப் போனாலும் விட மாட்டேங்குது மிஸ். அங்க ஏது நம்ம கெணறு?"

"வளாகத்தை விட்டு வெளிய போனா புதுச் செய்தி வராது. கடைசியா கிணறு என்ன சொன்னதோ அதையே பொட்டு சொல்லிக்கிட்டு இருக்கும். மாத்தணுமா?"

"வேணாம் மிஸ்" என்று காளீஸ்வரி உடனே சொல்லிவிட்டாள். "ஊருக்குப் போனதும் மறந்துருச்சுன்னா அப்பறம் என்ன அர்த்தம்? இருந்துட்டுப் போகட்டும்."

மிஸ் அவளைப் பெருமையாகப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன்.

சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத மழை வந்தது. இரண்டு பகல் விடாமல் கொட்டியது. கால்வாய்கள் எல்லாம் திமுதிமுவென்று கிணற்றை நோக்கி ஓடின. கோடை முழுக்கச் சிக்கனமாக இருந்ததும், கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் வந்து சேர்ந்ததும் சேர்ந்துகொள்ள, கிணறு மேல் படி வரைக்கும் ஏறிவிட்டது. எங்கள் வளாகத்தில் வேலை செய்தவர்கள் யாரும் அந்தப் படி நனைந்து பார்த்ததே இல்லையாம். பிள்ளைகள் மழையில் ஆடினார்கள். கேலி பேசிய நானும் ஆடினேன். செயலாளர் குடை பிடித்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தார்.

காளீஸ்வரி நனைந்த தலையோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"நூரு, தொண்டை குளுகுளுன்னு இருக்குடி. ஒண்ணுமே வேணாம் போல இருக்கு."

"ஒன் மக்ரிப் வந்துருச்சுன்னு சொல்லு."

"வந்துருச்சுடி" என்று சிரித்தாள்.

தாகம் போனதும் தண்ணீர் மணியைப் பிள்ளைகள் மதிக்கவில்லை. அதுதான் தாகமே இல்லையே, இனி எதற்கு மணி என்று பசுமை வளாகக் குழுவே அதை நிறுத்திவிட்டது. மெஸ்ஸில் சொம்புகள் கழுவினபடியே கவிழ்ந்து கிடந்தன. சிலருக்குத் தலைவலி வந்தது, பரீட்சை நெருங்குகிறதே என்றார்கள். விடுதியைப் பற்றி முடிவெடுக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வர இருந்தது. படிப்பு விடுமுறை முடிந்ததும் வருவார்கள். அதுவரை பொட்டு இருக்கட்டும், பிள்ளைகளே முன்வந்து செய்தது என்று அவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. காளீஸ்வரி பொட்டோடு ஊருக்குக் கிளம்பினாள். "அப்பாகிட்ட விடுதி தப்பிச்சிருச்சுன்னு நேர்ல போயிச் சொல்லணும்டி. மூட்டம் பிரிக்கிற நேரம், ஆளும் பத்தாது. ஒத்தாசையா இருந்துட்டு வர்றேன்" என்றாள். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்திருந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் அரசு மருத்துவமனையிலிருந்து எஸ்தர் மிஸ்ஸுக்குத் தொலைபேசி வந்தது. காளீஸ்வரியின் காதுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டார்களாம். மிஸ் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வராந்தாவில் உடையப்பன் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கரி. எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். மகளை இழந்த மனிதர் ஏன் எங்களைக் கும்பிட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மருத்துவர் இளம் பெண். தூக்கமில்லாத கண்கள். மிஸ்ஸைப் பார்த்துப் படபடவென்று பேசினார். "உடம்புல தண்ணியே இல்ல மேடம். ரெண்டு மூணு நாளாவே வத்தியிருக்கணும். கிட்னி மொதல்ல போயிருச்சு. இந்த நிலைமைக்கு வர்றதுக்கு முன்னாடி மனுஷங்க சாக்கடைத் தண்ணியையாவது குடிச்சிருவாங்க. பக்கத்துலயே குடம் இருந்திருக்கு, இந்தப் பொண்ணு ஏன் குடிக்கல?"

உடையப்பன்தான் பதில் சொன்னார்.

"அது கேக்கவே இல்லைங்கம்மா. மூட்டத்துக்கிட்ட நின்னா நெருப்பா அடிக்கும், நாங்கள்லாம் மடக்கு மடக்குன்னு குடிச்சோம். பாப்பாவக் குடிக்கச் சொன்னா, வேணாம்ப்பா, எனக்குத் தாகமே இல்ல, நீங்க குடிங்கன்னுச்சு. வண்டித் தண்ணி எங்களுக்குப் பத்தாதுன்னு விட்டுக்குடுக்குதுன்னு நெனைச்சேன். அது ஆத்தாளும் அப்படித்தான். தலை வலிக்குதுன்னு சொல்லுச்சு, வெயிலுக்குத்தான்னு நெனைச்சோம். மூட்டத்துப் பக்கமே சுருண்டு விழுந்துருச்சு."

எஸ்தர் மிஸ் கைப்பேசியை எடுத்தார். கிணற்றின் மட்டத்தைக் காட்டுகிற கோடு திரையின் உச்சியில் நீலமாக நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு உயரமான மனுஷி மடிந்து உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கிணறு நிறைஞ்சிருக்கு நூர்நிஷா" என்றார். "அவளுக்கு எப்படித் தாகம் எடுக்கும்?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஊருக்குப் போன பிறகும் பொட்டு அவளிடம் தாகமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"மேல ஒரு எல்லை வச்சேனே. தாகம் கூடிரக் கூடாதுன்னு அவ்வளவு பாதுகாப்பு வச்சேனே. ஒப்புதல் குழுவில எத்தனை டாக்டர் இருந்தாங்க! அத்தனை பேரும் தாகம் கூடினா என்ன, தாங்க முடியாமப் போனா என்னன்னுதான் கேட்டாங்க. தாகமே இல்லாமப் போனா என்னன்னு ஒருத்தர் கேக்கல, எனக்கும் தோணல. நாம எல்லாரும் வறட்சியில பொறந்தவங்க. நம்ம கிணறு நிறையும்னு யாருமே நினைச்சுப் பார்க்கலையே."

குடிக்காத முதியவர்களைக் குடிக்கவைப்பதற்காகக் கண்டுபிடித்த கருவி. அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும் என்று இருந்தது. வரவில்லை. காளீஸ்வரி மேல்தான் வந்தது. எழுந்து வாடி, ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போய்ப் படுத்துக்கோ என்று கத்த வேண்டும் போல இருந்தது.

மிஸ் உடனே கல்லூரிக்குத் திரும்பினார். அவருடைய சிறு இடுக்கியால்தான் மற்றவர்களின் பொட்டைக் கழற்ற முடியும். கிளம்பும் முன்பு உடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்யச் சொல்கிறீர்கள், எதுவானாலும் செய்கிறேன் என்றார். அவர் தன் கரிக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நீர்மாலைக்குத் தண்ணி வேணும்மா" என்றார். "ஊருல கெணறு தொரவு எல்லாம் வத்திக் கெடக்கு. வண்டித் தண்ணியிலயா எம்புள்ளையக் குளிப்பாட்டுறது? காலேசுக் கெணறு நெறஞ்சு கெடக்குன்னு வாய் ஓயாமச் சொல்லுச்சு. அங்கிட்டு இருந்து ரெண்டு கொடம் குடுத்தாப் போதும். கூடப் பொறந்ததுன்னு அதுக்கு யாரும் இல்ல. கூடப் படிச்ச புள்ளைக யாராச்சும் எடுத்தாந்தா நல்லது."

செத்தவர்களைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை நீர்நிலைக்கு நடந்துபோய், தலைக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடித்து, உறவுக்காரர்கள் குடத்தில் சுமந்து வருவார்கள். அதற்குத்தான் நீர்மாலை என்று பெயர். எங்களில் முறை வேறு. ஆனால் குளிப்பாட்டாமல் யாரும் யாரையும் அனுப்புவதில்லை.

மறுநாள் காலையில் எஸ்தர் மிஸ் வளாகத்தில் இருந்த எல்லாருடைய பொட்டையும் கழற்றி முடித்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்களுக்கும் தகவல் சொல்லி, கட்டாயமாகக் குடிக்கச் சொல்லி, அந்தந்த ஊர் மருத்துவர்களுக்கும் சொல்லிவிட்டிருந்தார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடுதியில் இருந்தவர்களுக்கு அவரே ஆளுக்கொரு சொம்பு கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று கடமைக்குக் குடித்துவைத்தார்கள். பிறகு குடங்களை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனோம். மேல் படியில் நின்றபடியே குனிந்து மொள்ள முடிந்தது. கயிறு கூடத் தேவைப்படவில்லை. ரெண்டு குடம் போதும் என்றுதான் உடையப்பன் சொல்லியிருந்தார். தாரணியும் ஒரு குடம் எடுத்தாள். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினோம்.

வழியெங்கும் கருவேலங்காடு. ஜன்னலில் அனல் அடித்தது. பொட்டு கழன்றதும் சொந்த மணி மெல்லத்தான் விழித்துக்கொள்ளும் என்று மிஸ் சொல்லியிருந்தார். கமுதி தாண்டியதும் அது விழித்துக்கொண்டது. முன் இருக்கையில் ஒருத்தி உதட்டை நக்கினாள். அடுத்தவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். பல நாள் உடம்பு கேட்டும் கேட்காமல் போன தாகம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. ஒருத்தி, "அய்யோ, தாகமா இருக்கே" என்று வாய்விட்டே அழுதுவிட்டாள். அவசரத்தில் குடிக்கத் தண்ணீர் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒவ்வொருத்தியின் முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு குடம் இருந்தது, விளிம்பு வரைக்கும் தண்ணீர். பேருந்து குலுங்கும்போது தளும்பிக் கையில் பட்டது. ஒருத்தியும் அதில் வாய் வைக்கவில்லை. தளும்பிய கையைக் கூட நக்கவில்லை, பாவாடையில் துடைத்துக்கொண்டார்கள்.

பேருந்து போகிற வரைக்கும் போய், அப்புறம் இறங்கி நடந்தோம். ஊர் எல்லையில் ஆண்கள் வேட்டியை விரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதன் நிழலில் குடங்களோடு வரிசையாகப் போனோம். வீட்டு வாசலில் பெஞ்சின் மேல் அவளைக் கிடத்தியிருந்தார்கள். காதுக்குப் பின்னால், மருத்துவமனையில் பொட்டை அறுத்தெடுத்த இடத்தில், ஒரு சிறிய பஞ்சு ஒட்டியிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. பிறகு பார்க்க முடியவில்லை.

குடங்களை இறக்கி வைத்தோம். அத்தை முதல் குடத்தைத் தூக்கப் போனாள். உடையப்பன் அவளைத் தடுத்தார். எங்கள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். நாள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு அந்த முகங்கள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே போய் வீட்டுத் தண்ணீர்ப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வண்டியில் வந்தது அவ்வளவுதான் இருந்திருக்கும். ஒரு சொம்பில் மொண்டு முன்னால் நின்ற ஒருத்தியிடம் நீட்டினார்.

"இல்லப்பா, பரவால்ல" என்றாள் அவள். வாய் சொல்லியதே தவிர, கண் சொம்பை விட்டு நகரவில்லை.

"குடி தாயி."

வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அவர் இன்னொரு சொம்பு மொண்டார். அடுத்தவளுக்குக் கொடுத்தார், அவளுக்கு அடுத்தவளுக்கும். அவர்கள் அழுதுகொண்டே குடித்தார்கள், புரையேறியது, திரும்பவும் குடித்தார்கள். பெஞ்சில் மகள் கிடக்க, அவர் ஒவ்வொருத்தியின் முன்னாலும் நின்று, சொம்பு காலியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக என்னிடம் வந்தார். எனக்கு அவ்வளவு தாகம் இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

பானை கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. அவர் அதைச் சாய்த்து, அடியில் இருந்ததையும் வழித்து மொண்டார்.

"இன்னும் யாருக்கு வேணும்?" என்று கேட்டார். அவர் குரல் உடைந்துவிட்டது. "வேணும்னா கேளுங்க தாயி. கேக்காம மட்டும் இருந்துராதீக."